அரை அடி தள்ளி நின்ற தூண்கள்

அத்தியாயம் 11

காலை ஐந்தரைக்கே டிராயிங் அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். எழுந்தாள் என்று சொல்வதே ஒரு பேச்சுக்குத்தான். படுத்ததிலிருந்து புரண்டுகொண்டுதான் இருந்தாள். கண்ணை மூடினால் போதும், அந்தச் சிவப்புப் பொட்டு வந்து நின்றது.

போன வாரம் நம்மோடு இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். இவர்கள் மூன்று பேர், ஒரு வயிற்றுப் பிள்ளைகள். மூத்தவர் கட்டடக் கான்ட்ராக்டர். சைட்டில் எல்லாருக்கும் அவர் ‘பெரியவர்’. நடுவில் இவள். இருபத்தாறு வருஷமாக அண்ணனின் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள், அதனால் டிராயிங் அக்கா. கடைக்குட்டி, தண்ணீர்க் குழாய் வேலை எடுத்துச் செய்கிறவன். நாற்பத்தி நாலு வயசாகியும் அவனை விட்டுக் ‘குழாய்’ என்ற பெயர் போகவில்லை. மூவருமாகச் சேர்ந்து டாக்டரம்மாவுக்கு நாற்பது படுக்கை ஆஸ்பத்திரி ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

டாக்டரம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. மண்ணில் கட்டுவதற்கு முன்னால் கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் கட்டிக் காட்ட வேண்டும். தூண், சுவர், குழாய், வயர், காற்றுப் போகிற டக்ட், ஒன்று விடாமல் எல்லாம் ஒரே மாடலில். ‘பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங்’ என்று நீட்டிச் சொல்வார்கள்; சுருக்கினால் பிம்.

“பிம்மா? எனக்கு வாயில நுழையல. பீமன்னு வச்சுக்கறேன்” என்று பெரியவர் அன்றைக்கே பெயர் சூட்டிவிட்டார். ஐம்பது வயசில் அதற்கென்று உட்கார்ந்து, எட்டே மாசத்தில் கற்றுக்கொண்டது அக்காதான்.

கற்றுக்கொண்டதில் ஒரு வினையும் வந்து சேர்ந்தது. இரண்டு மாசம் முன்னால் நடந்த கூட்டத்தில், டாக்டரம்மா முதல் கம்பி கட்டுகிறவர் வரை எல்லாரும் உட்கார்ந்திருக்க, குழாய்கள் தளத்தைத் தாங்குகிற பீமிலும் டக்டிலும் போய் மோதுகிற பதினேழு இடங்களைச் சுவரில் பெரிதாகக் காட்டினாள். மோதல் ஒவ்வொன்றும் ஒரு சிவப்புப் பொட்டு. பதினேழிலும் தம்பியின் பெயர். அன்று வாயை மூடியவன்தான். அக்காவோடு அப்புறம் நேருக்கு நேர் பேசவே இல்லை.

பதினேழில் பதினாறு சரியாகிவிட்டது. மிஞ்சிய ஒன்றுதான் இவளைத் தூங்கவிடாத பொட்டு. மாடிக் கழிவறையிலிருந்து இறங்கும் குழாய், நடைவழிக் கூரைக்கு அடியில், ஆபரேஷன் தியேட்டருக்குச் சுத்தமான காற்று கொண்டுபோகிற டக்டின் நடு வயிற்றில் நுழைந்து மறுபக்கம் வந்தது. இன்று பதினோரு மணிக்கு அந்த மாடித் தளத்துக்குக் கான்கிரீட். கொட்டிவிட்டால் கொட்டியதுதான். “அண்ணே, அந்த ஒரு இடம் முடியட்டும், அப்புறம் கொட்டலாம்” என்று நேற்று மாலை செய்தி அனுப்பினாள். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. சரி என்று அர்த்தமா, சரிதான் போ என்று அர்த்தமா? கட்டைவிரலைப் பார்த்து யார் கண்டார்கள்?

லேப்டாப்பைப் பைக்குள் வைக்கும்போது வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிற மனிதர். எதையும் நிதானமாகத் துடைத்துப் பார்த்துத்தான் பேசுவார்.

“இன்னிக்கு உங்க அண்ணனோட மல்லுக்கு நிக்கப் போறியா?”

“நிக்க வேண்டி வந்தா நிப்பேன்.”

“நல்லா நில்லு. ஏணியில ஏறும்போது மட்டும் போன் பேசாத.” ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகி அவள் கையில் கொடுத்தார். “டீ மூணு பேருக்கும் சேத்துப் போட்டிருக்கேன். சண்டை போடறவங்களுக்கும் தொண்டை காயும்ல.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சைட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு. மாடித் தளத்தின் சென்ட்ரிங் தகடுகள் மேல் கம்பிகள் பாய் பின்னியது போல விரிந்து கிடந்தன. அதன்மேல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கான்கிரீட்டை மேலே ஏற்றுகிற பம்ப் வண்டி தன் நீளக் கையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றது. பெரியவர் சிவப்பு ஹெல்மெட்டோடு கம்பிகளின் நடுவே கல்யாண வீட்டு மாமா மாதிரி அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார்.

“வாம்மா! பீமனையும் கூட்டிக்கிட்டு வந்துட்டியா?”

“அண்ணே, செய்தி அனுப்பினேனே?”

“பாத்தேன். கட்டைவிரல் போட்டேனே.”

“அதுக்கு என்ன அர்த்தம்?”

“பாத்தேன்னு அர்த்தம்.”

பக்கத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் குனிந்தபடியே சிரித்தார்கள். தளத்தின் மறுகோடியில் தம்பி குந்தி உட்கார்ந்து, குழாய் இறங்குவதற்காகத் தளத்தில் விடுகிற துவாரத்தின் உறைக்கு, ஸ்லீவ் என்பார்களே அதற்கு, வாயில் சாக்குத் துணியைத் திணித்துக்கொண்டிருந்தான். அக்கா வந்ததைப் பார்த்துவிட்டான். பார்க்காதவன் மாதிரி இன்னொரு துணியை எடுத்தான்.

“ஒரு குழாயும் ஒரு டக்டும் இடிக்குது, அவ்வளவுதானே?” என்றார் பெரியவர். “டக்ட் இன்னும் செய்யவே ஆரம்பிக்கல. செய்யும்போது நாலு இஞ்ச் இறக்கிக்கிட்டாப் போச்சு. முப்பது வருஷமா இப்படித்தான் கட்டறேன். எது இடிஞ்சு விழுந்துச்சு?”

“விழல. ஆனா போன ஸ்கூல் கட்டடத்துல குழாய்க்காகச் சுவரை எத்தனை தடவை உடைச்சு உடைச்சுப் பூசினோம்னு சொல்லட்டுமா?”

“காலங்காத்தால அது எதுக்கு இப்போ?” பெரியவர் அவசரமாகப் பேச்சை மாற்றினார். “சரி, டேப்பை எடு. உன் பீமன் அந்த ஸ்லீவ் எங்க இருக்குன்னு சொல்றான்?”

அக்கா லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள். “நடைவழி ஓரத் தூண்லேர்ந்து ஏழடி.”

கம்பிக்காரர் டேப்பை நீட்டிப் பிடித்தார். இரண்டாம் தடவையும் பிடித்துப் பார்த்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, “ஒம்பதடி வருது பெரியவரே” என்றார்.

பெரியவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். “உன் பொட்டிக்குள்ள ஒரு ஆஸ்பத்திரி, வெளிய ஒரு ஆஸ்பத்திரி. நான் வெளிய இருக்கறதுக்குத்தாம்மா கான்கிரீட் கொட்டறேன்!”

தளம் முழுக்கச் சிரிப்பு பரவியது. மனசில் விஷம் வைத்த சிரிப்பு இல்லை. வேலையின் நடுவே கிடைத்த இளைப்பாறல்தான். ஆனாலும் அக்காவின் காது மடல் சூடேறியது. அவள் போட்ட அளவைப் பார்த்து இருபத்தாறு வருஷத்தில் யாரும் சிரித்ததில்லை.

லேப்டாப்பை மூடப் போனவள், டேப் இன்னும் கம்பிகளின் மேல் நீண்டு கிடப்பதைக் கவனித்தாள். ஸ்லீவ் இரண்டடி தள்ளியிருந்தது சரி. பீம்? மாடலில் பீம் ஏழரை அடியில் ஆரம்பிக்க வேண்டும். இங்கே அதன் கம்பிக்கூடு சரியாக ஏழடியிலேயே ஆரம்பித்தது. குழாயை யார் வேண்டுமானாலும் நகர்த்தலாம். பீம் தானாக நகருமா?

யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஏணியில் இறங்கிக் கீழ்த்தளத்துக்குப் போனாள்.

கீழே சுவர் என்று ஒன்றும் இன்னும் எழும்பவில்லை. தூண்களும், மேல் தளத்தைத் தாங்கி நின்ற முட்டுக் கம்பங்களும்தான். எது நடைவழி, எது தியேட்டர் என்று பார்வைக்குப் பிடிபடாத அரையிருட்டு. தகடுகளின் இடுக்குகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டேப்பின் முனையை ஒரு தூணில் கொக்கி போட்டுவிட்டு அடுத்த தூணை நோக்கி நடந்தாள். பாதி வழியில் முனை கழன்று சர்ரென்று ஓடிவந்தது. மறுபடி மாட்டினாள். மறுபடி கழன்றது.

மூன்றாம் தடவை கழலவில்லை.

திரும்பிப் பார்த்தாள். தூணடியில் தம்பி குந்தி உட்கார்ந்து, டேப்பின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தான். பார்வை தூணின் மேல் இருந்தது.

“எவ்வளவு வருதுன்னு சொல்லு” என்றான், தூணிடம் கேட்பது போல.

அக்கா சொன்னாள். அடுத்த தூணுக்குப் போனார்கள். பிறகு அடுத்தது. எட்டுத் தூண்கள் அளந்ததில் ஆறு சரியாக நின்றன. பீமைத் தாங்குகிற இரண்டு மட்டும் நடைவழிப் பக்கமாக அரை அடி தள்ளி நின்றன.

“ஸ்லீவை நீ எப்போடா தள்ளினே?”

“முந்தாநேத்து. பீம் கம்பி வந்து சரியா என் குழாய் இறங்கற இடத்துல உக்காந்துக்கிச்சு. இந்தப் பக்கம் கழிவறைச் சாமான் இடிக்கும். அதான் பீமுக்கு அந்தப் பக்கமாத் தள்ளிட்டேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?”

தம்பி டேப்பைச் சுருட்டினான். மெதுவாக, ஓடிவிடாமல் பிடித்துப் பிடித்துச் சுருட்டினான்.

“சொன்னா பதினெட்டாவது பொட்டு வைப்பே.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. இந்த இரண்டு மாசத்தில் அவனைக் கோபக்காரன் என்றுதான் நினைத்திருந்தாளே தவிர, அவன் பக்கம் உட்கார்ந்து யோசித்ததில்லை.

“டேய், இங்க பாரு. அன்னிக்கு அதை உன்னைத் தனியாக் கூப்பிட்டுக் காட்டியிருக்கணும். டாக்டரம்மா முன்னாடி வச்சுக் காட்டினது தப்பு. நான் கத்துக்கிட்ட வித்தையைக் காட்டற அவசரத்துல உன் மரியாதையை யோசிக்கல.”

தம்பி மூக்கைத் தேய்த்துக்கொண்டான்.

“பதினேழும் சரியாத்தான் இருந்துச்சுக்கா. தப்பா இருந்திருந்தாச் சண்டை போட்டிருப்பேன். சரியா இருந்ததுதான் இன்னும் எரிஞ்சுச்சு.”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அக்கா ஃபிளாஸ்க்கைத் திறந்தாள்.

சைட் கொட்டகைக்குப் போய் மேஜைமேல் லேப்டாப்பை வைத்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பெரியவர் வந்தார். தம்பியும் அக்காவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிப்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று, வானத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

“என்ன பாக்கறே?” என்றாள் அக்கா.

“மழை வருமான்னு.”

“வந்து உக்காரு. அண்ணே, ரெண்டு தூண் அரை அடி தள்ளி நிக்குதே, ஏன்?”

“ஓ, அதுவா?” என்றார் பெரியவர்.

உலகத்தில் பாதிக் குழப்பம் இந்த ‘ஓ, அதுவா’வில்தான் ஒளிந்திருக்கிறது. அஸ்திவாரம் தோண்டும்போது அந்த இடத்தில் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டியின் சுவர் தட்டுப்பட்டதாம். உடைத்தால் ஒரு வாரம் போய்விடும். வடிவமைத்த இன்ஜினியரைப் போனில் கேட்டாராம். அரை அடிதானே, பாதகமில்லை, தள்ளிக்கொள்ளுங்கள் என்றாராம். இரண்டு தூணையும் சேர்த்துத் தள்ளினால் பீம் நேராக வரும் என்று தள்ளிவிட்டார்.

“யாருகிட்டச் சொன்னே?”

“உங்கிட்டச் சொன்னேனே.”

“எப்போ?”

பெரியவர் யோசித்தார். ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். “சொல்லணும்னு நினைச்சேன். நினைச்சதுல சொல்லிட்டதா ஞாபகம்.”

அக்காவுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. மாசக்கணக்கில் ராப்பகலாக அவள் கட்டிய கட்டடத்தில் பொய்யே கிடையாது. அவளிடம் யாரும் சொல்லாதது மட்டும்தான் அதில் இல்லை.

தூண்கள் இரண்டையும் பீமையும் அரை அடி நகர்த்தினாள். ஸ்லீவைத் தம்பி சொன்ன இடத்தில் வைத்தாள். மோதல் இருக்கிறதா என்று சரிபார்க்கிற பொத்தானை அழுத்தினாள். திரையில் சின்னச் சக்கரம் சுற்றியது. சுற்றி முடிந்ததும், இத்தனை நாளாய் அவள் உயிரை வாங்கிய அந்தப் பொட்டைக் காணோம்.

“ஆகா!” பெரியவர் மேஜையைத் தட்டினார். “பீமனே சரின்னுட்டான்! நான்தான் சொன்னேனே, சைட்ல தானாச் சரியாகும்னு. பம்ப்பைத் தயார் பண்ணச் சொல்றேன்.”

அவர் எழுந்துவிட்டார். அக்கா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். பொட்டுக்காகத்தானே சண்டை? பொட்டே இல்லை என்றால் சண்டைக்கு என்ன வேலை? ஆனால் நிம்மதி வர வேண்டிய இடத்தில் வரவில்லை.

தம்பி மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அக்கா, இதுக்குள்ள நடந்து பாக்கலாம்னு சொல்வியே. என்னைக் கொஞ்சம் உள்ள விடு.”

அவள் மவுஸை அவன் பக்கம் நகர்த்தினாள். குழாய் முறுக்கிக் காய்த்துப்போன அந்தக் கைக்குள் மவுஸ் எலிக்குஞ்சு மாதிரி இருந்தது. நடைவழியில் புறப்பட்டவன் சுவரில் முட்டினான், பின்னால் போனான், ஒரு கதவைத் தாண்டி இன்னொரு சுவரில் முட்டினான். “குடிச்சிட்டு நடக்கறவன் மாதிரி போறியேடா” என்றார் வாசலில் நின்ற பெரியவர். ஒருவழியாக ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்தான். நடுவில் ஆபரேஷன் மேஜை. அதன் பக்கத்தில் போய் நின்று மேலே நிமிர்ந்து பார்த்தான்.

பீமுக்கு அந்தப் பக்கம் என்று அவன் தள்ளிய குழாய் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. மாடிக் கழிவறையிலிருந்து வருகிற குழாய், மேஜைக்கு நேர் மேலே, அறையின் குறுக்கே ஓடிச் சுவருக்குள் மறைந்தது.

தம்பி மவுஸிலிருந்து கையை எடுத்தான். வெளியே யாரோ கம்பியைத் தட்டி நிமிர்த்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

“இதுக்கு ஏங்க்கா பொட்டு வைக்கல?”

“இது எதுலயும் இடிக்கலடா. இடிச்சாத்தான் அதுக்குத் தெரியும். கழிவறைக் குழாய் மேஜைக்கு மேல போகக் கூடாதுன்னு அதுக்கு யாரும் சொல்லித் தரல. நானும் சொல்லித் தரல.”

பெரியவர் திரும்பி வந்து குனிந்து பார்த்தார். குரல் இறங்கியிருந்தது. “மேல ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடத்தான் போறோம். வெளிய தெரியாது...”

“அண்ணே.” தம்பி நாற்காலியோடு திரும்பினான். அண்ணனை எதிர்த்து ஒரு சொல் பேசியறியாதவன். “என் கையால ஒட்டற ஜாயிண்ட்டு. நல்லாத்தான் ஒட்டுவேன். ஆனா எந்த ஜாயிண்ட்டும் பத்து வருஷத்துலயோ இருபது வருஷத்துலயோ ஒருநாள் கசியும். அன்னிக்கு இந்த மேஜைமேல யாரோ ஒருத்தருக்கு வயித்தைத் திறந்து வச்சிருப்பாங்க. நிறுத்துங்கண்ணே.”

பெரியவர் திரையைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் அவர் எத்தனையோ தளத்துக்குக் கான்கிரீட் கொட்டியிருக்கிறார். மழைக்கு நிறுத்தியிருக்கிறார், ஒரு தடவை காற்றுக்கு நிறுத்தியிருக்கிறார். தன் வீட்டுப் பிள்ளை சொல்லி நிறுத்தியதில்லை.

மணி பத்தேகால். போனை எடுத்தார்.

“ரெடிமிக்ஸா? நான்தான். வண்டி எதுவும் கிளம்ப வேண்டாம்... என்னது? ஒண்ணு கிளம்பிடுச்சா? சரி, மத்ததை நிறுத்துங்க. ஏத்தாதீங்க. நான் சொல்றப்ப அனுப்பினாப் போதும்.”

போனை வைத்தார். ஒரு வண்டிக் கான்கிரீட், சுற்றிக்கொண்டே சாலையில் வந்துகொண்டிருக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் கொட்டாவிட்டால் வண்டிக்குள்ளேயே கல்லாகிவிடும். அக்கா பதறிப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெரியவர் கையமர்த்திவிட்டு வெளியே வந்து சைட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குத்தான் அவரைப் பெரியவர் என்கிறார்கள்.

“வாசல்ல ஸ்ட்ரெச்சர் ஏறற சாய்தளத்துக்குப் பலகை அடைச்சாச்சா?”

“நேத்தே அடைச்சாச்சு பெரியவரே. கம்பியும் போட்டாச்சு” என்றார் கம்பிக்காரர்.

“அதுல கொட்டு. அந்த இடத்துக்கு இவ்வளவு நல்ல கலவை ஜாஸ்திதான். இருந்துட்டுப் போகட்டும், யானையே ஏறினாலும் தாங்கும்.”

வண்டி வந்தது. சாய்தளம் நிறைந்தது. அதற்குள் கொட்டகையில் அக்காவும் தம்பியும் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

“கழிவறைப் பீங்கானைத் திருப்பி வச்சா?” என்றான் தம்பி. “இப்போ சுவரைப் பாத்து இருக்கு. எதிர்ப்பக்கம் திருப்பிட்டா ஸ்லீவ் அஞ்சடியில வரும். நடைவழிக்கு மேலயே இறங்கிடும். தியேட்டர் பக்கமே எட்டிப் பாக்காது.”

அக்கா திருப்பினாள். குழாய் கீழிறங்கி நடைவழிக் கூரையோடு ஓடியது. உடனே டக்டில் போய் இடித்துச் சிவப்பாகியது.

“மறுபடியுமா?” தம்பி தலையில் கை வைத்தான்.

“அண்ணன் காலைலேயே சொன்னாரே” என்றாள் அக்கா. “டக்டை நாலு இஞ்ச் இறக்கணும்னு. அப்போ நான் காதுல வாங்கல.”

இறக்கினாள். சக்கரம் சுற்றியது. பொட்டு இல்லை. இந்தத் தடவை பொத்தானை அவள் நம்பவில்லை. மவுஸைத் தம்பியிடம் கொடுத்து, “எல்லா ரூமுக்கும் போய் அண்ணாந்து பாத்துட்டு வா” என்றாள். அவன் சுவர்களில் முட்டிக்கொண்டே ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பாதிக்குமேல் முட்டுவது குறைந்திருந்தது.

கம்பிக்காரர் ஆட்கள் இரண்டு மணி நேரத்தில் பழைய இடத்தை அடைத்து, புது இடத்தைத் திறந்து, சுற்றிலும் கூடுதல் கம்பி கட்டினார்கள். ஸ்லீவை வைத்தது தம்பி. டேப்பின் மறுமுனையைப் பிடித்தது அக்கா. “அஞ்சடி!” என்று அவள் கத்தியபோது தளத்தில் யாரோ விசிலடித்தார்கள். காலையில் சிரித்தவர்களில் ஒருவராகத்தான் இருக்கும்.

இரண்டரை மணிக்குப் பம்ப் கையை விரித்தது. சாம்பல் நிறக் கலவை கம்பிகளின் மேல் கொழகொழவென்று விழுந்து பரவியது. வைப்ரேட்டர் உறுமிக்கொண்டு அதைக் கம்பிகளின் இடுக்கெல்லாம் இறக்கியது. பெரியவர் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸோடு நடுவில் நின்று, “இங்க! இங்க! அந்த மூலையை விட்டுட்டியே!” என்று கத்திக்கொண்டிருந்தார். கத்துவதற்கு இடையில் ஒரு தடவை அக்காவிடம் வந்தார்.

“இனிமே யாரு எதை நகத்தினாலும், அரை அங்குலமே ஆனாலும், முதல்ல பீமன்கிட்டச் சொல்லிட்டுத்தான் நகத்தணும். கொட்டகையில எழுதி ஒட்டு.”

“யாரு பேரைப் போட்டு எழுத? எல்லாருமா?”

“எம் பேரை முதல்ல போடு” என்று சொல்லிவிட்டுப் பூட்ஸைத் தொப்புத் தொப்பென்று பிடுங்கி வைத்துப் போய்விட்டார்.

அக்காவின் மனசு நிறைந்திருந்தது. வெயில் சாய்ந்து, தளத்தில் முக்கால் பங்கு வழுவழுவென்று மட்டமாகிக் கிடந்தது. இந்த மூன்று பேரும் ஒரே சைட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசி வேலை செய்து எத்தனை நாளாயிற்று!

ஐந்து மணிக்கு டாக்டரம்மாவின் கார் வந்தது. புதிதாய்க் கொட்டிய சாய்தளத்தை மிதிக்காமல் சுற்றி வந்து அக்காவின் பக்கத்தில் நின்றார். நடந்ததையெல்லாம் அக்கா ஒளிக்காமல் சொன்னாள். தூணை, ஸ்லீவை, திரையில் வராத பொட்டை, தம்பி அண்ணாந்து பார்த்ததை. டாக்டரம்மா கேட்டுவிட்டு, மேஜைக்கு மேல் குழாய் என்ற இடத்தில் மட்டும் கண்ணை இறுக மூடித் திறந்தார்.

“உங்க தம்பிக்கு நான் தனியா நன்றி சொல்லணும்” என்றார். “உங்ககிட்ட வேற ஒரு விஷயம். எங்கூடப் படிச்ச ஒருத்தங்க இருநூறு படுக்கையில ஒரு ஆஸ்பத்திரி கட்டறாங்க. வேலை எடுத்திருக்கறது பெரிய கம்பெனி. மாடல் முழுக்கப் பொறுப்பா ஏத்துக்க ஒரு ஆள் வேணும்னாங்க. உங்க பேரைச் சொல்லிட்டேன்.”

“நாங்க மூணு பேரும்...”

“இல்லம்மா. நீங்க மட்டும். வேற ஊரு, ரெண்டு வருஷம். நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள பதில் சொல்லணுமாம். இப்போதைக்கு யார்கிட்டயும் சொல்ல வேண்டாம், முதல்ல நீங்க யோசிச்சுப் பாருங்க.”

கார் போன பிறகும் அக்கா அதே இடத்தில் நின்றாள். மனசில் இருப்பது சந்தோஷமா பயமா என்று பிரிக்க முடியவில்லை. இருநூறு படுக்கை! அவள் பெயரை யாரோ ஒருவர் எங்கோ ஓர் ஊரில் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கட்டடம் முடிய இன்னும் ஐந்து மாசம். பீமனை யார் பார்ப்பார்கள்? சுவரில் முட்டி முட்டி நடக்கிற தம்பியா? கட்டைவிரல் அனுப்புகிற அண்ணனா? அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் கரித்தது.

ராத்திரி வீட்டுக்காரரிடம் முதலில் பேசலாம். காலையில் யோசித்துச் சொல்லலாம். அண்ணன் தம்பியிடம் சொல்லாமலேகூட வேண்டாம் என்று பதில் அனுப்பிவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

ஏணியில் ஏறினாள். தளத்தின் கடைசி மூலையில் வைப்ரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. பெரியவர் மட்டப்பலகையை இழுக்க, தம்பி எதிரே நின்று “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று கத்திக்கொண்டிருந்தான். இரண்டு பேர் முகத்திலும் சிமெண்டுத் துளி.

“அண்ணே!” என்றாள்.

காதில் விழவில்லை.

“அண்ணே! ஒரு விஷயம் சொல்லணும். இப்பவே சொல்லணும்!”

பெரியவர் நிமிர்ந்து பார்த்து, கையை உயர்த்தினார். வைப்ரேட்டர் நின்றது. திடீரென்று வந்த அமைதியில் பம்ப்பிலிருந்து சொட்டுகிற சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்டது.

“என்னக்கா, முகமே ஒரு மாதிரி இருக்கு?” என்றான் தம்பி. “எதையாவது நகத்தணுமா?”

அக்கா ஒரு மூச்சு இழுத்துவிட்டுச் சொன்னாள்.

“ஆமாண்டா. என்னைத்தான்.”